பெட்டி உட்கார்ந்திருந்த சீட்

என்னை எல்லோரும் ஃப்யூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவள் என்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. தொட்டதற்கெல்லாம் பொசுங்கிவிடுகிறேன் என்று என் அக்கா வைத்த பெயர். அக்கா சொன்னால் அது தீர்ப்பு மாதிரி. அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுக்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதி எழுதி, வீட்டிலும் யார் என்றைக்கு என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எடுத்து நீட்டுவாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று அவளிடம் சொல்லித் தப்பித்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கிடையாது.

அந்த அக்கா ஒரு திங்கட்கிழமை காலையில் வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். 'வருகிற ஞாயிற்றுக்கிழமை கல் குவாரி மேட்டில், டிராக்டர் கயிறு இல்லாமல் வண்டி உச்சிக்கு ஏறினால் வண்டி வீட்டில் இருக்கும். ஏறாவிட்டால் முட்டைக்காரருக்குப் போகும். மறுபேச்சு கிடையாது.' கீழே அக்காவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் மாமாவின் கையெழுத்து, கிணற்றில் எட்டிப் பார்த்துக்கொண்டே போட்டதுபோல் ஆடியிருந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் மேசை, கல்லாப்பெட்டி, கதவுக் கைப்பிடி என்று எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருப்பார். ஏழாவது நாள் மட்டும் மனிதருக்கு ஏதோ ஆகிவிடும். தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போய், அங்கே இவரைப் போலவே வீட்டில் அடங்காத பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து சேற்று மேட்டில் ஏறுவார். ஏறுவார் என்று சொல்வது மரியாதைக்காக. பாதியில் மாட்டிக்கொள்வார். டிராக்டர்காரர் வந்து கயிறு கட்டி இழுப்பார். தொடர்ந்து ஏழு ஞாயிறு இப்படி இழுபட்டதில், எட்டாவது ஞாயிறு டிராக்டர்காரர் கூப்பிடுவதற்கு முன்பே கயிறைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு கிளட்சும் போனதால் ஜீப்பை வீட்டு வாசல்வரை இழுத்து வந்தார். தெருவே வெளியே வந்து கைதட்டியது. மாமா உள்ளே இருந்தபடி கையசைத்தாராம். அக்கா எழுதிய தாளுக்கு அந்தக் கையசைப்புதான் காரணம்.

முட்டைக்காரர் யார் என்று கேட்பீர்கள். மொத்த முட்டை வியாபாரம். பண்ணைகளுக்குப் போகிற பாதை மோசம், எனக்கு நல்ல உயரமான வண்டி வேண்டும் என்று ஒரு வருடமாக அக்காவிடம் நச்சரித்துக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் ஜீப்பின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "குலுங்காம போகுமா?" என்று அதனிடமே கேட்பார்.

மாமா என் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது அவர் இருந்த கோலத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஃப்யூஸு, முட்டை ஏத்தப் போறாங்கம்மா அதுல. முட்டை!"

"மாமா, அந்த லாக் எங்கே? ஆறு மாசமா கடையில அட்டைப்பெட்டியோட வச்சிருக்கீங்களே, அதை எடுத்துட்டு வாங்க. மாட்டிட்டா உங்க ஜீப் மேடு என்ன, சுவரே ஏறும்" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

அது என்ன லாக் என்றால், வண்டியின் பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்று ஒரு உருண்டை இருக்கிறது. எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போடுகிற வேலை அதற்கு. ஆனால் பங்கு போடத் தெரியாது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கி வெட்டியாகச் சுற்றினால், மொத்தத்தையும் அதற்கே கொடுத்துவிடும். நல்ல தரையில் ஒழுங்காக நிற்கிற சக்கரம் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். எங்கள் வீட்டிலும் அழுது புரள்கிறவருக்குத்தான் எல்லாம் கிடைத்தது, எனக்கு நன்றாகவே புரிகிறது. லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சுற்றினால் இரண்டும் சுற்றும். இந்த லாக் மின்சாரத்தில் வேலை செய்வது. டாஷ்போர்டில் பொத்தானைத் தட்டினால் உள்ளே காந்தம் பிடித்து 'டக்' என்று விழும்.

கிளட்சைச் சரிசெய்து, உருண்டைக்குள் லாக் மாட்டுகிற வேலையையும் மெக்கானிக் புதன்கிழமை முடித்துவிட்டார். வியாழன் ஜீப் என் கைக்கு வந்தது. பேட்டரியிலிருந்து கனத்த ஒயர், நடுவில் ஃப்யூஸ், பிறகு பொத்தானைத் தட்டினால் மின்சாரத்தைத் திறந்துவிடுகிற ரிலே, அங்கிருந்து வண்டிக்கு அடியில் சட்டத்தை ஒட்டியே பின்னால்வரை. தண்ணீர் தெறிக்கிற இடத்திலெல்லாம் உறை போட்டேன். சூடாகிற புகைக்குழாய்ப் பக்கம் ஒரு சாண்கூடப் போகவிடவில்லை. இழுத்துப் பார்த்தால் ஒரு முடிச்சு அசையக்கூடாது, அப்படிக் கட்டினேன். மாமா ராக்கெட் விடுகிறவர் மாதிரி மூடி போட்ட சிவப்புப் பொத்தான்தான் வேண்டும் என்று அடம் பிடித்தார். மாட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. லாக்குக்கு மின்சாரம் போனால் மட்டும் அது எரியும்.

ரிலேயை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. எஞ்சின் பக்கம் வைத்தால் ஓடையில் இறங்கும்போது நனையும். அதனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் வைத்தேன். வண்டியிலேயே காய்ந்த இடம் அதுதான். ஏனென்றால் அந்த சீட்டில் யாரும் உட்காருவதே இல்லை. மாமாவின் இரும்பு டூல்ஸ் பெட்டி எட்டு வருடமாக அங்கே குடியிருக்கிறது. நாலாவது படிக்கிற பிள்ளை கனம். அதை வைத்த புதிதில், சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்று வண்டி நினைத்துக்கொண்டு கீ கீ என்று கத்தும். நான்தான் அந்தச் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. எப்படி நிறுத்தினேன் என்று இப்போது கேட்டால் ஞாபகம் இல்லை. நூறு வண்டி பார்த்தாகிவிட்டது.

ரிலேக்கு ஒரு எர்த் வேண்டும். மின்சாரம் வண்டியின் உடம்புக்குத் திரும்பிப் போக ஒரு வழி. பெட்டியை இறக்காமலேயே சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். நுனி வெட்டிய கறுப்பு ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ஆகா, அருமையான எர்த், நம்மைத் தேடி வந்திருக்கிறது என்று அதிலேயே முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். இதை யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சோதித்தோம். ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, மாமா பொத்தானைத் தட்ட, பச்சை எரிய, நான் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றதும் கூடவே சுற்றியது. முப்பது தடவை தட்டினார். முப்பது தடவையும் 'டக்'. மாமா கண்ணாடி துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு எல்லோரும் போனோம். அக்கா என் வேனில் வந்தாள், மடியில் அந்தத் தாளும் ஒரு பேனாவும். முட்டைக்காரர் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். டிராக்டர்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார் மனிதர்.

கழுத்தில் விசிலோடு விதிகளைப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். மாமாவின் ஜீப்பில் பெட்டியைப் பார்த்ததும் விசில் அடித்தார்.

"இதை இறக்குங்க. உள்ள கட்டாத சாமான் எதுவும் இருக்கக்கூடாது. மேட்டுல உருண்டா மண்டையைப் பொளந்துடும். பெல்ட் போட்டு ஆள் வேணா உக்காரலாம்."

"நான் இறக்குறேன்" என்று முந்திக்கொண்டு பெட்டியைத் தூக்கி என் வேனுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கையாலேயே வைத்தேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று தடவை முயற்சி செய்யலாம் என்பது விதி. மாமா தனியாக உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டு, ராக்கெட் மூடியைத் திறந்து பொத்தானைத் தட்டினார். ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. பாதி மேடுவரை நன்றாகப் போயிற்று. அங்கே இடது சக்கரம் குழியில் விழுந்தது. சுற்றியது, சேற்றை வாரி இறைத்தது. வலது சக்கரம் அசையவே இல்லை. ஜீப் மெதுவாகப் பின்னால் சறுக்கிக் கீழே வந்தது.

"ஃப்யூஸு! பச்சை எரியல!" மாமாவின் குரல் கீச்சென்று வந்தது.

ஓடிப்போய் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். "தட்டுங்க." தட்டினார். பளிச்சென்று பச்சை எரிந்தது. பின்னால் 'டக்'. ஃப்யூஸ் சரி, பொத்தான் சரி, எல்லாம் சரி.

"எரியுதே! நல்லாத் தட்டுனீங்களா முன்னாடி?"

"நல்லாத்தாம்மா தட்டுனேன்."

"கண்ணாடியைத் தட்டுற மாதிரி பூப்போலத் தட்டியிருப்பீங்க. அழுத்தித் தட்டணும்" என்று திட்டிவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது தடவை கட்டைவிரலால் குத்தினார். பச்சை எரியவில்லை. அதே குழி, அதே சறுக்கல். நான் மறுபடி ஓடி, மறுபடி ஏறி உட்கார்ந்தேன். எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒயரிங் வேலையில் கெட்டது கெட்டதாகவே இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். நான் பார்க்கும்போது ஒழுங்காகவும், முதுகைத் திருப்பினால் மோசமாகவும் நடந்துகொண்டால் என்னதான் செய்வது?

"லூஸ் கனெக்‌ஷன்" என்றேன், விசில்காரரைப் பார்க்காமல். காரணம் தெரியாதபோது நாங்கள் சொல்கிற வார்த்தை அது.

முட்டைக்காரர் இதற்குள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். "எத்தனை அட்டை அடுக்கலாம்னு பாக்குறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார். டிராக்டர்காரர் கயிற்றை ஒரு தடவை உதறினார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என்னை நம்பித்தானே வந்தார்.

அப்போது அக்கா மேட்டின் அடிவாரத்துக்கு இறங்கி வந்தாள். செருப்பு சேற்றில் புதைந்து புதைந்து வந்தது.

"போதுங்க. இன்னொரு தடவை வேண்டாம். மூணாவது தடவையும் சறுக்கி வர்றதை நான் பாக்க மாட்டேன். இதுல 'ஒப்படைச்சேன்'னு கையெழுத்துப் போடுங்க." சேற்றில் நின்றுகொண்டு எழுத முடியாது என்று பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். தாளைத் தொடையில் வைத்து நீவினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. மாமா பொத்தானை அணைக்கவே இல்லை போலிருக்கிறது.

"எரியுது!" என்று மாமா கத்தினார். "பெல்ட் போடு! பெல்ட் போடு!"

"எதுக்கு? ஏங்க, என்ன பண்றீங்க? நான் இறங்கணும்…"

"ஆள் உக்காரலாம்!" என்று நான் விசில்காரரிடம் அலறினேன். "நீங்கதானே சொன்னீங்க!" அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். அதற்குள் அக்கா பெல்ட்டை மாட்டியிருந்தாள். பயத்திலும் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவள் அவள்.

ஜீப் கிளம்பியது. "இறக்கி விடுங்க, இன்னிக்குத் தேதி பதினாலு, எழுதி வச்சுக்கறேன்!" என்று அக்காவின் குரல் மேலே போய்க்கொண்டிருந்தது. அதே குழி வந்தது. இடது சக்கரம் விழுந்தது. வலது சக்கரம் மண்ணைக் கடித்தது. ஜீப் ஒரு குலுக்கு குலுக்கி வெளியே வந்தது. அக்காவின் திட்டு நின்றது. ஒரு 'ஐயோ' கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை நான் நம்பவில்லை. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்கி, குவாரிச் சுவரெல்லாம் எதிரொலிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நாங்கள் எல்லோரும் மூச்சிரைக்க ஏறி மேலே போனோம். முட்டைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இது செல்லாதும்மா. அவர் தனியா ஏறலியே. நீங்க ஏறுனீங்க, அது உதவிதானே?"

அக்கா தாளை எடுத்துப் படித்தாள். "டிராக்டர் கயிறு இல்லாம. அவ்வளவுதான் எழுதியிருக்கு. பொண்டாட்டி இல்லாமன்னு எழுதல."

டிராக்டர்காரர் கயிற்றைச் சுருட்டி தோளில் போட்டுக்கொண்டார், முகம் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. ஏன் எரிந்தது? "அக்கா, கொஞ்சம் இறங்கு" என்றேன். இறங்கினாள், பச்சை அணைந்தது. "உக்காரு." எரிந்தது. "எந்திரி. உக்காரு. எந்திரி."

"என்னடி, என்னை வச்சு உடற்பயிற்சி நடத்துறியா?"

சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். என் கறுப்பு ஒயர். அதன் டேப்பைப் பிரித்தேன், பின்னாலேயே பிடித்துக்கொண்டு போனேன். அது வண்டியின் உடம்புக்குப் போகவில்லை. நேராக சீட்டின் மெத்தைக்குள் போயிற்று. ஆள் உட்கார்ந்தால் மட்டும் சேர்கிற சுவிட்சுக்கு. எட்டு வருடத்துக்கு முன் கீ கீ சத்தத்தை நிறுத்த நானே வெட்டித் தொங்கவிட்ட ஒயர். சோதித்த இரண்டு நாளும் பெட்டி உட்கார்ந்திருந்ததால் எல்லாம் வேலை செய்தது. அதன் பிறகு நான் உட்கார்ந்தேன், வேலை செய்தது. இறங்கினேன், நின்றது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறைக்க எனக்குத் தெரியாது, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "தப்பு என் மேலதான். இந்த சீட்டுல கனம் இருந்தாத்தான் லாக் விழும். அஞ்சு நிமிஷம் கொடுங்க, வேற எர்த் எடுத்து மாத்திடறேன்."

"அதெல்லாம் எதுக்கு ஃப்யூஸு?" என்றார் மாமா, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல். "பெட்டியைக் கட்டி மறுபடி அங்கேயே வச்சுட்டாப் போச்சு!"

முட்டைக்காரரே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "எட்டு வருஷமா இங்க பெட்டி உக்காந்திருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமையாவது 'நீயும் வா'ன்னு கூப்பிட்டீங்களா? சேறு, சேறுன்னு நான் கத்துனது சேத்துக்காகன்னா நினைச்சீங்க?"

மாமா அவள் செருப்பைப் பார்த்தார். "உனக்குச் சேறு பிடிக்காதுன்னு நீதானே சொன்னே."

"எப்போ?"

"கல்யாணம் பேசி முடிச்ச புதுசுல. பூங்காவுக்கு வெளியே. செருப்புல சேறு பட்டதும், 'எனக்குச் சேறுன்னாலே ஆகாது'ன்னு சொன்னே. நான் மறக்கவே இல்ல."

எல்லோர் வார்த்தையையும் தேதியோடு வைத்திருக்கிற அக்கா வாயடைத்துப்போய் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது புதுச் செருப்புங்க!" என்றாள் கடைசியில். "புதுச் செருப்பு! அதுக்காக இத்தனை வருஷமா…" அதற்கு மேல் முடியவில்லை, மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எதற்குக் கொட்டியது என்று நான் கேட்கவில்லை.

மாமா கீழே இறங்கிப் போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முட்டைக்காரரின் வண்டியில் ஏற்றினார். "இதைக் கொஞ்சம் வீட்டுல இறக்கி வச்சிடுங்க. ஜீப்புல இடம் இல்ல" என்றார். வெறும் கையோடு திரும்பக்கூடாதென்றோ என்னவோ, முட்டைக்காரரும் மறுக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் குனிந்தேன். அக்கா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த ஒயரைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"அக்கா, அது தப்பான ஒயரிங்! என் பேர் கெட்டுடும்!"

"கெடட்டும்."

பிரித்த டேப்பை மறுபடி சுற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, என் பட்டறையில் யாருக்கும் சொல்லாமல், அந்தத் தப்பை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். மாமா பட்டறைக்கு வந்தார், அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். குவாரிக்குப் போகவில்லையாம். மருந்து வாங்க வந்த வழியாம்.

"ஒரு வாரம்தானே மாமா? பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டுப் போய்ட்டு வாங்களேன். கனம் இருந்தாப் போதும், லாக் விழும்."

"விழும்" என்றார் மாமா. துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மருந்துப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "ஆனா பெட்டி சிரிக்காதேம்மா."